வெற்றுத் துளி

"சோதிக்க வேண்டிய துளியைப் பார்ப்பதற்கு முன்னால், அதே கையால், அதே முறையில், சுத்தமான நீரில் ஒரு வெற்றுத் துளி தயாரித்துப் பார்க்கவும். வெற்றுத் துளியிலும் அதுவே தென்பட்டால், குறை துளியில் இல்லை, தயாரித்தவரிடம் இருக்கிறது." என் மேஜைமேல் இருக்கும் நுண்ணோக்கியோடு வந்த கையேட்டில் இது ஏழாவது விதி. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அரசாங்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். உட்பிரிவு இல்லாமல், விதிவிலக்கு இல்லாமல், கடைசி வரியில் முதல் வரியை ரத்து செய்யாமல் எழுதப்பட்ட ஒரு விதியை அதற்குமுன் நான் கண்டதில்லை. அதைப் பின்பற்றியிருந்தால் எங்கள் வலியசாலைத் தெருவில் ஒரு கிணறு சந்தி சிரித்திருக்காது. என் அத்திம்பேர் அதைப் பின்பற்றினார் என்பதுதான் வேடிக்கை. முதல் வாக்கியத்தை மட்டும் பின்பற்றினார்.

அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கொடி காட்டி அனுப்பிய வண்டி எதுவும் தடம் புரண்டதில்லை. அதனால் தம் வாழ்க்கையில் எதுவுமே தடம் புரண்டதில்லை என்று நம்பினார். தெருவில் நாலு வீடு தள்ளித்தான் நான் இருந்தேன் என்பதால் அந்த நம்பிக்கையை மிக அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவருடைய எழுபதாவது வயது பீமரத சாந்திக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன், "அப்பா, கால் பிடிச்சு விடற மெஷின் வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டான். "என் காலை நானே பிடிச்சுப்பேன். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டற மெஷின் இருந்தா வாங்கிக் குடு" என்றார் இவர். தத்துவமாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. பையன் பொறியாளன், சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் நுண்ணோக்கி வந்து இறங்கியது.

அதைக் கற்றுக்கொள்ள அவர் பட்ட பாடு ஒரு தனி ரயில்வே வரலாறு. எப்போதும் மிகச் சிறிய லென்ஸில், குறைந்த பெருக்கத்தில் தொடங்க வேண்டும் என்பது கையேட்டின் முதல் விதி. ஊர் முழுவதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தெருவைத் தேட வேண்டும். இவர் முதல் நாளே மிகப் பெரிய லென்ஸைத் திருப்பி வைத்து, கண்ணை ஒட்டிக்கொண்டு, திருகைக் கீழே இறக்கினார். துளியின்மேல் வைத்த மெல்லிய மூடுகண்ணாடி 'சடக்' என்று உடைந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி லென்ஸைத் துளிக்கு அருகில் கொண்டு போக வேண்டும், பிறகு கண்ணை வைத்து மேலே ஏற்றிக்கொண்டே உருவத்தைத் தேட வேண்டும், பார்த்துக்கொண்டே கீழே இறக்கவே கூடாது என்று நான் படித்துக் காட்டினேன். "பிளாட்பாரத்தை ஒட்டி வண்டியை நிறுத்தறது எப்படின்னு எனக்கு நீ சொல்லித் தரயாக்கும்?" என்றார். மறுநாள் இரண்டாவது மூடுகண்ணாடி உடைந்தது.

தினசரிக் காலண்டரிலிருந்து 'சுபமுகூர்த்தம்' என்ற சொல்லை வெட்டி வைத்துப் பார்த்தபோது அது தலைகீழாகத் தெரிந்தது. ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் உருவம் வலப்பக்கம் ஓடியது. அப் லைனும் டவுன் லைனும் மாறிப்போன ஸ்டேஷனில் ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன் என்று எழுந்து போனவர், காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கையேடு சொன்ன முதல் பயிற்சி வெங்காயத் தோல். அந்த வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நுழைந்ததில்லை. அக்கா அதை நடைக்குள்ளேயே விடவில்லை. ஆகவே ஒரு வெங்காயத்தின் உயிரணுக்கள், மருந்துப் பெட்டியிலிருந்த அயோடின் பூசிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின்மேல் முதன்முதலாக எங்களுக்குக் காட்சி கொடுத்தன. செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாக இருந்தன. அத்திம்பேர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்பி, இத்தனை நாளா இதுக்குள்ள இவ்வளவு ஒழுங்கு இருந்திருக்கு, நாம சாப்பிடவே இல்லையே" என்றார் கடைசியில்.

வெளிச்சத்தைக் குறைத்தால்தான் கண்ணாடி போன்ற பொருள்கள் தெரியும் என்பதையும் அங்கேதான் கற்றோம். விளக்குக்கு மேலே இருக்கும் சிறு திரையை முழுக்கத் திறந்தால் எல்லாம் வெளுத்துப் போகும். கொஞ்சம் மூடினால் ஓரங்கள் எழுந்து வரும். நிறைய வெளிச்சம் போட்டு ஒன்றுமே தெரியாமல் செய்வது எப்படி என்று நான் அலுவலகத்தில் முன்பே அறிந்திருந்ததால் எனக்கு இது வியப்பாக இல்லை. அத்திம்பேரின் முதல் கண்டுபிடிப்பு, கறுப்பு வளையம் போட்ட ஒரு பெரிய முட்டை. அது காற்றுக் குமிழி. இரண்டாவது, வளைந்த கரிய ஈட்டிபோல் வந்து வந்து போன ஒரு பிராணி. அது அவருடைய கண்ணிமை முடி. மூன்றாவதுதான் விபரீதமானது.

அவர் வீட்டுக் கொல்லைக்கும் பக்கத்து வீட்டு மாமியின் கொல்லைக்கும் நடுவில், மதிலுக்கு அடியில், பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக ஒரு கிணறு உண்டு. இரண்டு பக்கமும் தனித்தனி ராட்டினம். மாமி பட்சணம் செய்து கொடுப்பவள். கணவர் போன பிறகு அந்த அடுப்புதான் அவளுக்கு எல்லாமும். கல்யாணச் சீர் முறுக்கு, அதிரசம், மனோகரம் என்று ஊர்க் கோட்டையைச் சுற்றியுள்ள பாதிக் குடும்பங்களுக்கு அவள் வீட்டிலிருந்துதான் போகும். தெருக்கோடி என்பதால் குழாயில் தண்ணீர் நூலாக வரும், அதுவும் மருந்து வாசனையோடு. கிணறு இல்லாவிட்டால் மாமிக்கு அடுப்பு இல்லை. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அத்திம்பேர் காலையில் குளித்து, நெற்றியில் மூன்று பட்டை தாராளமாகப் பூசி, ஜபம் முடித்து, அதற்குப் பிறகுதான் நுண்ணோக்கியின் உறையைக் கழற்றுவார். அப்படி ஒரு காலையில் கிணற்று நீரில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, அதன்மேல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்கினார். லென்ஸில் கண்ணை வைத்தவர், "அடியே!" என்று கத்தினார். அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். எனக்கு ஆள் வந்தது. நான் பார்த்தபோது, கோணல்மாணலாக, நடுவில் மினுங்கிக்கொண்டு, பொடிப்பொடியாக எத்தனையோ உருவங்கள் இருந்தன. அவற்றில் மிகச் சிறியவை நின்ற இடத்திலேயே விடாமல் துடித்துக்கொண்டிருந்தன.

"பாத்தியா? ஆடறது கேட்டியா! உயிரோட ஆடறது!"

ஏழாவது விதியை எடுத்துக் காட்டினேன். ஒத்துக்கொண்டார். சாலைக் கடைத்தெருவில் போய், கார் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர் வாங்கி வந்தார். மறுநாள் குளித்து, ஜபம் முடித்து, வெற்றுத் துளி தயாரித்தார். அதிலும் அதே கூட்டம் ஆடியது. "விதியோட ரெண்டாவது வாக்கியத்தைப் படியுங்கோ, அத்திம்பேர்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தயாரித்தவரிடம் குறைன்னு போட்டிருக்கு. தயாரிச்சது நானாக்கும். அதனால அது இங்க பொருந்தாது."

"பின்னே பேட்டரித் தண்ணியில எப்படி வந்தது?"

"அந்தக் கடைக்காரனும் ஏதோ கிணத்துலேருந்துதானே பிடிச்சு ஊத்தறான்? ஊர் பூரா பரவியிருக்குன்னு அர்த்தம்."

கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பார்த்தார். ஆடியது. கொதித்தும் சாகாத ஜந்து என்றால் சாதாரண ஜந்து இல்லை என்று தீர்மானமாயிற்று. அதைவிட எளிதான ஒரு விளக்கம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது என்னவென்று எனக்கும் தெரியவில்லை. கிருமி நீக்கிய புட்டியில் நீர் பிடித்து, உரிய பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, அறிக்கை வந்த பிறகு மேலே யோசிக்கலாம் என்று நடைமுறையைச் சொன்னேன். "உன்னை மாதிரி ஆபீஸ்காரனுக்கு ஆம்புலன்ஸ் வந்தாலும் வரிசையில நிக்கணும்" என்றார்.

முறைப்படி முதலில் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்று மதிலோரம் நின்று மாமியைக் கூப்பிட்டார். மாமி ராட்டினக் கயிற்றை விடாமலேயே கேட்டாள்.

"மாமி, நம்ம கிணத்துல ஜந்து இருக்கு. நான் கண்ணால பாத்தேன். டான்ஸ் ஆடறது."

"இந்தத் தண்ணியில பிசைஞ்ச முறுக்கு அமெரிக்கா வரைக்கும் போயிருக்கு, மாமா. அங்க ஒருத்தரும் எழுந்து ஆடினதாத் தெரியல்லையே?"

"விளையாட்டு இல்லை. கிணத்தை மூடணும்."

கயிறு நின்றது. "மூடினா நான் எதுல பாகு வைக்கறது? உங்காத்து மெஷின்லயா?" என்று கேட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகு நாள் அவள் மதிலோரம் வரவே இல்லை. இந்தப் பக்கத்து ராட்டினத்தை மட்டும் அக்கா விடாமல் இழுத்தாள். "நீங்கோ வேணும்னா பேட்டரித் தண்ணி குடியுங்கோ. அதுலயும் ஆடறதாமே" என்று சொல்லிவிட்டு அதே கிணற்று நீரில் காபி போட்டாள். அத்திம்பேர் அந்தக் காபியைக் குடித்தார். பொதுநலம் வேறு, காபி வேறு.

சுகாதார அலுவலகத்துக்கு மனு எழுத நான் உதவ மறுத்ததால் அவரே எழுதினார். ரயில்வே தந்தி நடை அவருக்கு. பொருள் என்ற வரி இல்லை. தெருவின் பெயர் இருந்தது, வீட்டு எண் இல்லை. வார்டு எண், எல்லைகள் மாற்றப்படுவதற்கு முன்னால் இருந்த பழைய எண். 'பின்பக்கக் கிணறு அபாயம், உடனே மூட ஏற்பாடு செய்க' என்பதுதான் மொத்த மனு. அனுப்பிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார், அடுத்த வண்டியில் பதில் வரும் என்பதுபோல.

பதில் வரவில்லை, பேச்சு பரவியது. கோயிலில் ஒருவர், கல்யாண மண்டபத்தில் ஒருவர் என்று, 'மாமி கிணத்துல புழுவாம்' என்பது ஊரில் நடமாடத் தொடங்கியது. ஜந்து, வாய் மாறும்போது புழுவாகி, பிறகு பாம்பாகவும் ஆனது. நவராத்திரிக்கு வழக்கமாக வரும் பட்சண ஆர்டர்கள் ஒவ்வொன்றாக வேறு தெருவுக்குப் போயின. மாமி வீட்டிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வராத ஒரு வாரத்தில்தான், நடந்துகொண்டிருப்பது வேடிக்கை இல்லை என்று எனக்கே உறைத்தது. நாளைக்கு ஒரு சுகாதார ஆய்வாளர் வந்து கிணற்றில் ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டால், பிறகு பரிசோதனையில் நீர் கங்கை என்று வந்தாலும் அந்த ஆர்டர்கள் திரும்பாது.

உண்மை ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அத்திம்பேர் காலையிலிருந்து ஸ்லைடு ஸ்லைடாகத் தயாரித்துக் கொண்டிருந்தார், ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கு. முதலில் செய்த ஸ்லைடுகளில் ஏகக் கூட்டம். போகப் போகக் குறைந்தது. கடைசி ஸ்லைடில் ஒன்றுமே இல்லை. ஜந்துக்கள் ஓய்வெடுக்கின்றன என்று எனக்கு விளக்கிக் கொண்டிருந்தபோது அக்கா மோர் கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்னா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படிப் பாழ் நெத்தியோட உக்காந்திருக்கேளே! காலம்பற அத்தனை விபூதி இட்டுண்டேளே, எல்லாம் எங்க போச்சு?"

மோர் டம்ளர் நடுவழியில் நின்றது. நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்தார். ஸ்லைடு வைக்கும் கறுப்புத் துணியின்மேல், அவர் குனியும் இடத்துக்கு நேர் கீழே, மெல்லிய வெண்பொடி படிந்திருந்தது. அவரே எழுந்து, பூஜை அறையிலிருந்து விபூதி மடலைக் கொண்டு வந்து, ஒரு சிட்டிகையைப் பேட்டரி நீரில் தூவி, மூடுகண்ணாடி வைத்து, சிறிய லென்ஸில் தொடங்கிப் பெரிய லென்ஸுக்குப் போனார். அன்றுதான் அவர் எல்லா விதிகளையும் வரிசையாகப் பின்பற்றினார். நெடுநேரம் பார்த்தார்.

"அவாதான்" என்றார்.

பதினோராவது விதியில் அதற்கும் விளக்கம் இருந்தது. நீரின் நுண்துகள்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் இடித்துக்கொண்டே இருப்பதால், அதில் மிதக்கும் மிகச் சிறிய தூசு எதுவும் நின்ற இடத்திலேயே நடுங்கும். உயிருள்ளது இடம் விட்டு இடம் போகும், தடை வந்தால் திரும்பும். உயிரில்லாதது இருந்த இடத்திலேயே துடிக்கும். துடிப்பதெல்லாம் வேலை செய்வதல்ல என்பது என் அலுவலக அனுபவமும்கூட. ஆனால் அதைச் சொல்லும் நேரம் அது இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் முகம், தவறான லைனில் வண்டியை விட்டவரின் முகமாக இருந்தது.

"இப்பவே மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதறேன்."

"எழுதாதேயுங்கோ" என்றேன். இந்த இடத்தில்தான் என் படிப்பு முதல்முறையாக அந்தக் குடும்பத்துக்கு உதவியது. தபால் பிரிவில் முத்திரை விழுந்த மனு அலுவலகத்தின் சொத்து; கொடுத்தவருக்கே அதன்மேல் உரிமை கிடையாது. திரும்பப் பெறுவதாக எழுதினால் அது இரண்டாவது மனு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி மேலே வைப்பார்கள். தூங்குகிற கோப்பு விழித்துக்கொள்ளும். விழித்தால் முதல் வேலையாகக் கிணற்றை மூடச் சொல்லும். அதைத் திறக்கத் தனி நடைமுறை. போய் விசாரிக்கவும் கூடாது. விசாரிப்பது நினைவூட்டலுக்குச் சமம். "உங்க மனுவில பொருள் இல்லை, வீட்டு நம்பர் இல்லை, வார்டு தப்பு. கோப்பை இதைவிட நன்னாத் தூங்கப் பண்ண என்னாலகூட முடியாது. அப்படியே விட்டுடுங்கோ."

"அப்போ மாமிக்கு?"

அதற்கு என்னிடம் விதி இல்லை. அவரிடம் இருந்தது. மறுநாள் காலை, நுண்ணோக்கியைக் கைக்குழந்தையைப் போல அணைத்து எடுத்துக்கொண்டு, தெரு பார்க்க மாமி வீட்டு வாசலுக்குப் போனார். நான் பின்னால் மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனேன். மாமி கதவைத் திறந்தாள்.

"மாமி, கிணத்துல ஒண்ணுமில்லை. தப்பு என் நெத்தியில. நீங்களே பாருங்கோ."

மாமி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். விபூதி ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், மறுபடியும் குனிந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு.

"பகவானோட பிரசாதத்தையே ஜந்துன்னு பெட்டிஷன் போட்டேளே, மாமா! நான் முறுக்கு சுத்தறவ, எனக்கு மன்னிச்சுடத் தெரியும். அவருக்கு எப்படிச் சமாதானம் சொல்லப்போறேள்?"

அன்று முழுவதும் அத்திம்பேர் அந்த வாசலை விட்டு நகரவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரையும் கூப்பிட்டு, முதலில் கிணற்று நீரின் துளி, பிறகு விபூதித் துளி என்று காட்டினார். ஒவ்வொருவரிடமும், "தப்பு பண்ணினது நான், கேட்டேளா?" என்று ரயில் அறிவிப்புப்போல உரக்கச் சொன்னார். தெரு திரண்டது. ஒரு பாட்டுவாத்தியார் லென்ஸைப் பார்த்துக் கைகூப்பினார். மாமி வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கிணற்று நீரில் பிசைந்த தேன்குழல் கொடுத்தாள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. தீபாவளிக்குள் அவள் வீட்டில் எண்ணெய் மறுபடி காயத் தொடங்கியது. அடுப்பு திரும்பிற்று, ஆனால் மனு அங்கேயே கிடந்தது.

என் பேச்சைக் கேட்காமல் அவர் ஒருமுறை அந்த அலுவலகத்துக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனவரிடம், அங்கிருந்த பெண் மலையாளம் கலந்து, "சாரே, ஃபயல் மேலே போயிருக்குகயா. பதில் வரும்" என்றாளாம். மேலே என்றால் எங்கே என்று இவர் கேட்கவில்லை. ரயில்வேக்காரருக்கு மேலே என்றால் அப் லைன். அதற்குப் பிறகு தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பும்போதெல்லாம் அவர் முகம் மாறும். மாமியும் மதிலோரம் நின்று, "வந்துடுத்தா, மாமா?" என்று கேட்பாள். "இல்லை, மாமி. இன்னும் லேட்டு." தாமதம் என்ற சொல்லை அவர் சந்தோஷமாகச் சொல்லி அந்த நாட்களில்தான் கேட்டேன்.

மீதிக் காலம் முழுவதும் அவர் நன்றாகவே பார்த்தார். குளத்துப் பாசியில் உருண்டுகொண்டே போகும் பச்சைப் பந்துகள், பாசிக்குள் சக்கரம் சுழற்றும் குட்டிப் பிராணிகள், வண்ணத்துப்பூச்சியின் இறகுச் செதில்கள். ஒவ்வொரு முறையும் முதலில் நெற்றியை ஈரத் துணியால் ஒற்றிக்கொள்வார், பிறகு வெற்றுத் துளி, அதற்குப் பிறகுதான் மற்றது. பார்த்து முடித்ததும் மறுபடி விபூதி இட்டுக்கொள்வார். ஒரு மாசி மாதத்தில், பெண்கள் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலை முடிந்த மறுநாள், மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார். நுண்ணோக்கியை அக்கா எனக்குக் கொடுத்தாள். "உனக்குத்தான் விதி படிக்கத் தெரியும்" என்றாள்.

வருஷத் திதியன்று தெருவில் முந்தின நாள் பொங்காலையின் செங்கற்கள் இன்னும் கறுத்துக் கிடந்தன. மகன் பெங்களூரிலிருந்து வந்து அந்தக் கிணற்றில்தான் ஸ்நானம் செய்தான். அதே நீரில் மாமி எள்ளுருண்டையும் அதிரசமும் செய்துகொண்டு வந்திருந்தாள். இலை போடும் நேரத்துக்குத் தபால்காரர் வாசலில் நின்றார். அத்திம்பேர் பெயருக்கு ஒரு பழுப்பு உறை. நான் பிரித்தேன். மனு பரிசீலிக்கப்பட்டதாகவும், கிணறு எது என்பது தெளிவாக இல்லையென்றும், மனுதாரர் நீர் மாதிரியுடன் நேரில் ஆஜராகாவிட்டால் மனு முடித்து வைக்கப்படும் என்றும் எழுதியிருந்தது.

மாமி தட்டைக் கீழே வைக்காமலேயே, "என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

"கிணறு பிழைச்சுது, மாமி. இல்லேன்னா அத்திம்பேர் நேர்ல வரணுமாம்."

மாமி உள்ளே போட்டிருந்த இலைகளைப் பார்த்தாள். "அதெப்படி வருவார்? இன்னிக்கு அவருக்கு இங்கன்னா ஆஜர்" என்று சொல்லிவிட்டு, தட்டோடு உள்ளே போனாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நுண்ணோக்கியின் உறையைக் கழற்றினேன். விதிப்படி முதலில் ஒரு வெற்றுத் துளி. நெற்றியைத் துடைக்க மறந்திருந்தேன். அல்லது மறந்ததாக வைத்துக்கொள்ளலாம். லென்ஸை மெதுவாக மேலே ஏற்றினேன். அவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள், நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு. பிறகு பழுப்பு உறையை எடுத்து, அலுவலக வழக்கம் விடாமல், அதன் இடது மூலையில் பெற்ற தேதியைக் குறித்தேன்: மாசி, கிருஷ்ணபட்சப் பிரதமை, பொங்காலைக்கு மறுநாள்.